ரயில் போகட்டும், பிறகு தூக்குவம்

வெள்ளவத்தையில் என் தங்கச்சி இருப்பது கடலைப் பார்த்த தொடர்மாடியில். சோளகம் தொடங்கினால் அந்த வீட்டில் ஒரு கதவும் சொன்ன இடத்தில் நிற்காது. இந்த முறை போனபோது விறாந்தைக் கதவுக்கு அண்டையாக ஒரு இரும்புத் துண்டு கிடந்தது. தண்டவாளத்தில் வெட்டிய துண்டு, ஒன்றரை அடி இருக்கும். தூக்குவதற்கு மேலே ஒரு வளையம் வெல்டிங் பிடித்திருந்தது.

“அண்ணா, அதைத் தூக்காதைங்கோ, நாரி பிடிச்சிடும்” என்றாள் குசினிக்குள் இருந்து.

அதற்குள் தூக்கிவிட்டேன். கைக்குப் பாரம் தெரிந்ததும் மூக்குக்கு ஒரு மணம் வந்தது. பெயின்ற் பூசிய வெறும் இரும்பில் அந்த மணம் இருக்க நியாயமில்லை. இருந்தாலும் வந்தது. ஈரமண், சிரட்டைக்கரி, சூட்டில் கருகும் சீனிப்பாகு எல்லாம் கலந்த பெரியப்பாவின் பட்டறை மணம்.

பெரியப்பாவின் வீடு கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருந்தது. ஒழுங்கை முடிந்தால் தண்டவாளம், அதைத் தாண்டினால் பாறை, பிறகு கடல். மரைன் டிரைவ் அந்தப் பக்கம் வராத காலம். இன்றைக்கு அங்கே ஒரு பேர்ச் காணியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அன்றைக்குப் பின்வளவில் முருங்கையும் வாழையும் நிற்க, ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டு ஒரு மனிதர் உலோகம் உருக்கலாம். அயலில் யாரும் முறைப்பாடு சொன்னதாக ஞாபகமில்லை, பெரியம்மாவைத் தவிர. கொடியில் காய்ந்த வெள்ளைச் சேலையில் கரித்தூள் படிந்த நாளில் பெரியப்பாவுக்குப் பிட்டு ஆறித்தான் கிடைக்கும்.

நான் படிப்புக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த வீட்டில் நின்ற பொடியன். பெரியப்பா அதற்கு முன் கொம்பனித்தெருவில், பேய்ரா வாவிக்கரையில் இருந்த கொழும்பு கொமர்ஷல் கம்பனியின் வார்ப்புப் பகுதியில் வேலை பார்த்தவர். மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் செய்து கொடுத்த இடம் அது. அங்கே பாரம் தூக்கக் கூரையோடு ஓடும் கிரேன் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு பின்வளவுக்கு வந்தவரிடம் கிரேன் இல்லை. நாங்கள்தான் இருந்தோம்.

அவர் பட்டறை போட்ட காலமும் அப்படியான காலம். 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. பாணுக்கு விடியப்புறமே வரிசை. அதே கட்டுப்பாட்டால் வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராமல் போக, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. தோட்டம் என்றால் கிணறு, கிணறு என்றால் தண்ணீர் இறைக்கும் மெசின். அந்த மெசினில் ஏதாவது உடைந்தால் புதுச் சாமான் கப்பலில் வராது. உடைந்த துண்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு யாழ்தேவியில் ஆட்கள் வருவார்கள். பெரியப்பா அவற்றை மேசையில் பொருத்தி வைத்து, பல் டாக்குத்தர் போல ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “செய்யலாம், கிழமை கழிச்சு வாங்கோ” என்பார்.

பட்டறை என்றால் எல்லாரும் நெருப்பையும் உருகிய உலோகத்தையும்தான் நினைப்பார்கள். உருக்குவது சின்ன வேலை. பெரிய வேலை மண். களனி கங்கை மணலும் களிமண்ணும் சேர்த்து, அரிதட்டில் அரித்து, அளவாகத் தண்ணீர் தெளித்து மிதிக்க வேண்டும். கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் விரல் அடையாளம் நிற்க வேண்டும். இரண்டாக உடைத்தால் விளிம்பு உதிராமல் உடைய வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, ஏனென்றால் தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேலே பெருக்கும். வீட்டு வாசலில் கடற்கரை முழுக்க மணல் கிடக்க, ஏன் களனிக்குப் போய் மணலுக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். கடல் மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கிறது. சூடு பட்டால் சிப்பி காற்றை விடும், வார்த்த சாமான் உள்ளே பொத்தல் பொத்தலாக வரும் என்றார். வார்க்கும் சாமானின் உள்ளே வெற்றிடம் வர வேண்டிய இடத்துக்கு வைக்கும் கோருக்கு மட்டும் வேறு மண். அதைக் கந்தளாய்ச் சீனி ஆலையின் கழிவுப்பாகில் பிசைந்து சூளையில் சுடுவார். நான் சொன்ன மணம் அதுதான்.

மண் எவ்வளவு பாரம் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. இடித்து இறுக்கிய மண் ஒரு கன அடி கிட்டத்தட்ட 100 இறாத்தல். பம்பின் கோது ஒன்று வார்க்க இரண்டடிச் சதுரத்தில், ஆறு அங்குல உயரத்தில் மேலொன்று கீழொன்றாக இரண்டு பெட்டி வேண்டும். பெட்டி ஒன்று 200 இறாத்தல். இதைத் தூக்கிவிட்டால் மட்டும் போதாது. மேல்பெட்டியில் மண் அடியில் பிடிப்பில்லாமல் தலைகீழாகத் தொங்குகிறது. அதை நேரே மேலே எழுப்பி, மரத்தில் செய்த மாதிரியை எடுத்து, திரும்பவும் அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் இறக்க வேண்டும். இடையில் ஒரு மூலை சரிந்தால் அரை நாள் வேலை பொத்தென்று விழும்.

நாலு மூலைக்கு நாலு பேர். பெரியப்பா, நான், மாதிரி செய்யும் மொறட்டுவைப் பாஸ், எங்கள் வீட்டில் அறை எடுத்து நின்ற கந்தோர் கிளாக்கர். கிளாக்கர் ஆறடிக்கு மேல். அவர் பக்கம் எப்போதும் முதலில் எழும்பும். “தம்பி, நீர் உயரமாப் பிறந்தது உம்மட பிழை இல்லை” என்று சொல்லிவிட்டு, பெரியப்பா அவர் நிற்கும் இடத்தில் அரை அடி தோண்டினார். அந்தக் குழி அவருடைய பெயராலேயே அழைக்கப்பட்டது. அவர் மாற்றலாகிப் போன பிறகும் இரவில் கொட்டகைக்குப் போகிறவர்கள் அதில் கால் இடறி விழுந்துகொண்டிருந்தார்கள்.

பலம் இதில் கடைசிப் பாடம். மூச்சு விடாமல், அவசரப்படாமல், ஒரே வேகத்தில் முதல் அங்குலத்தைக் கடப்பதுதான் காரியம். “ஆறுதலா, ஆறுதலா” என்பார் பெரியப்பா. மறுமூலையில் இருந்து பாஸ் “ஹிமின், ஹிமின்” என்பார். எந்த மொழியில் எழும்புகிறோம் என்று பெட்டிக்குத் தெரியாது. முதல் அங்குலம் போய்விட்டால் பிறகு வெறும் பாரம்தான்.

ஒருமுறை மேல்பெட்டி காலளவு எழும்பி நிற்கிற நேரம் பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் வந்தது. நிலம் அதிர்ந்தது. அந்த அதிர்வு கொள்ளுப்பிட்டிக் கரையில் குடியிருக்கிறவர்களுக்குப் பழகிப் போனது. அலுமாரிக்குள் கோப்பைகள் மெல்லக் கலகலக்கும், ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். தொங்கிக்கொண்டிருந்த மண்ணுக்கு அது பழகவில்லை. நடுவில் ஒரு பெரிய கட்டி கழன்று மாதிரியின் மேல் விழுந்தது. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. பெட்டியை இறக்கச் சொன்னார், கையைக் கழுவினார், தேத்தண்ணி கேட்டார். அடுத்த நாள் கொட்டகைத் தூணில் ரயில் நேர அட்டவணை ஒட்டப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து, ஆயத்தமெல்லாம் முடிந்து நாலு பேரும் குனிந்த பிறகும், “ரயில் போகட்டும், பிறகு தூக்குவம்” என்பது விதி. ரயிலும் அட்டவணையை அவ்வளவாக மதிப்பதில்லை. குனிந்தபடியே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் காத்திருப்போம். பாஸ் அந்த நேரத்தில்தான் மொறட்டுவைக் கதைகள் எல்லாம் சொல்லுவார். காலப்போக்கில் அந்தச் சொல் பட்டறையை விட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. பெரியக்காவின் கலியாணப் பேச்சில் சீதனக் கதை சூடேறியபோது பெரியம்மா உள்ளே இருந்து, “ரயில் போகட்டும்” என்றா. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது, பேச்சை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளினோம்.

வவுனியாப் பக்கத்து நெல் ஆலைக்காரர் ஒருவர் வெடித்துப் போன வார்ப்பிரும்புக் கப்பியை லொறியில் கொண்டுவந்து இறக்கினார். அதுதான் அந்தப் பட்டறை கண்ட ஆகப் பெரிய வேலை. பட்டி ஓடும் கப்பி, குறுக்களவு இரண்டரை அடி. இரும்பு உருக்க அந்த வளவில் வசதியில்லை; அலுமினியத்தில் செய்வோம் என்றார் பெரியப்பா. பாரத்தில் இரும்பின் மூன்றில் ஒரு பங்குதான், 660 பாகையில் உருகும். பஞ்சிகாவத்தையில் பழைய பிஸ்டன்கள் வாங்கிச் சேர்த்தார்.

பிரச்சினை பெட்டி. மூன்றடிச் சதுரம், எட்டு அங்குல உயரம் என்று கணக்குப் போட்டால் மேல்பெட்டி மண் மட்டும் 600 இறாத்தல், ஐந்து அந்தருக்கு மேல். அதற்குப் பாஸ் ஒரு வழி சொன்னார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. கப்பி வட்டம்தானே, நாலு மூலையில் மண் எதற்கு, பெட்டியை எட்டு மூலையாகச் செய்தால் என்ன என்று தீப்பெட்டியின் பின்புறத்தில் கீறிக் காட்டினார். கணக்குப் பார்த்தால் ஆறில் ஒரு பங்கு மண் மிச்சம், கிட்டத்தட்ட ஒரு அந்தர். எனக்கு அப்போது பாடசாலையில் எண்கோணத்தின் பரப்பளவு படிப்பித்துக்கொண்டிருந்தார்கள். அது எதற்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கீழ்பெட்டி விஷயத்தில் பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். அதைச் செய்யவே இல்லை. கொட்டகை நிலத்தைத் தோண்டி, நீராவி போக அடியில் கரிச்சாம்பல் பரப்பி, மேலே மண் நிரப்பி, நிலத்தையே கீழ்பெட்டி ஆக்கினார். பாரமான அச்சைத் தூக்க ஆகச் சுகமான வழி தூக்காமல் விடுவது என்று அவருக்கு ஒரு கொள்கை. அதற்குச் சாட்சியாக எப்போதோ ஒரு சோவியத் சஞ்சிகையில் வந்த படத்தைக் காட்டுவார். மொஸ்கோவின் ஜார் மணி, 200 தொன். 1735இல் கிரெம்ளினுக்குள்ளேயே குழி வெட்டி, குழிக்குள் அச்சுக் கட்டி, அங்கேயே வார்த்தார்கள். 1737 தீவிபத்தில் ஒரு பெரிய துண்டு கழன்றுவிட்டது. வார்த்த குழியிலிருந்து அதை வெளியே எடுக்க 1836 வரை யாராலும் முடியவில்லை. “பார், அவங்களும் நிலத்திலதான் செய்தவங்கள்” என்பார் பெருமையாக. “அவங்களும் தூக்கேலாமல் விட்டவங்கள்” என்பா பெரியம்மா.

மேல்பெட்டியை என்ன செய்வது? கொட்டாஞ்சேனையில் லொறி திருத்தும் கராஜ் ஒன்றிலிருந்து செயின் புளொக் இரவல் வந்தது. மூன்று தென்னந் தீராந்திகளை உச்சியில் சேர்த்துக் கட்டி நிறுத்தினோம். பெட்டிக்குள் குறுக்காகச் சட்டங்கள் அடித்து, அவற்றிலிருந்து களிமண் கரைசலில் தோய்த்த கம்பிக் கொளுக்கிகளை மண்ணுக்குள் தொங்கவிட்டார்கள். மண் அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கும். சைக்கிள் சில்லுக் கம்பியால் காற்றுத் துளைகள் குத்தியது நான். மேல் மண்ணும் கீழ் மண்ணும் ஒட்டாமலிருக்க இடையில் கூரையோட்டை இடித்தெடுத்த தூள்.

நாலு சங்கிலியும் ஒரே இழுவையில் இருக்கிறதா என்று பார்க்க நீர்மட்டக் கருவி இருந்தது. பெரியப்பா அதை நம்பவில்லை. பெரியம்மாவின் எனாமல் கோப்பையில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிப் பெட்டியின் நடுவில் வைத்தார். ரயில் போனது. பெரியப்பா சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக இழுக்க, பாஸ் குனிந்து மாதிரியின் ஓரத்தில் மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார். கோப்பையைப் பார்ப்பது என் வேலை. தண்ணீர் ஒரு பக்கம் ஏறினால் அந்தப் பக்கத்தைச் சொல்ல வேண்டும். “கடல் பக்கம்”, “றோட்டுப் பக்கம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் விழவில்லை. மாதிரி வெளியே வந்தபோது மண்ணில் கப்பி தன் ஆரங்களோடு பதிந்து கிடந்தது.

திரும்ப இறக்கியபின் மேலே பாரம் ஏற்ற வேண்டும். உருகிய உலோகத்தில் மண் மிதக்கும். உலோகம் அச்சை நிரப்பும்போது மேல்பெட்டியைத் தூக்கப் பார்க்கும். தூக்கினால் இடைவெளியால் வெளியே பாயும். அதற்காக ஆமர் வீதிப் பழைய இரும்புக் கடையில் வாங்கி வெட்டியவைதான் தண்டவாளத் துண்டுகள். இரண்டு மூசையை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஊற்றினார்கள். சத்தம் எதுவும் இல்லை. நல்ல வார்ப்பு சத்தம் போடாது. எல்லாக் காற்றுத் துளையிலும் நீல நெருப்பு மெழுகுதிரி மாதிரி எரிந்து அணைந்தது. ஆலைக்காரர் கப்பியை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “லேசாக் கிடக்கு, தாங்குமோ?” என்றார். தாங்கியது.

கண்டிக்குப் போகும் வழியில் பிலிமத்தலாவையில் பித்தளை வார்க்கிறவர்களைப் பார்க்கவென்று பெரியப்பா என்னை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனதும் அந்த நாட்களில்தான். அவர்கள் நிலத்தில் சம்மணமிட்டிருந்து, சின்னப் பெட்டிகளை மடியில் வைத்துப் புரட்டி வேலை செய்தார்கள். ஒரு ஆள், இரண்டு கை. நாச்சியார்கோயிலிலும் குத்துவிளக்கை இப்படித்தான் துண்டு துண்டாகக் காவிரி வண்டலில் வார்த்துப் பிறகு திருகிப் பொருத்துகிறார்கள் என்றார். ஆளுயர விளக்கானாலும் ஒரு மனிதன் தூக்கக்கூடிய துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிற புத்தி. பெரியப்பா திரும்பும் வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. பொறாமை என்று நினைக்கிறேன்.

1971 ஏப்ரலில், கிளர்ச்சியும் ஊரடங்கும் நடந்த நாட்களில், பொலிஸ் வந்தது. அலரி மாளிகை அதிக தூரமில்லை. பின்வளவில் உலை, உலோகம், உருண்டையான அச்சு. சந்தேகம் வராமல் இருந்தால்தான் பிழை. வந்த அதிகாரி ஒவ்வொரு பெட்டியையும் திறந்து காட்டச் சொன்னார். ரயில் போகட்டும் ஐயா என்றார் பெரியப்பா. அவரும் துப்பாக்கியோடு நின்று ரயில் போகும்வரை காத்திருந்தார். உள்ளே இருந்தது தண்ணீர்ப் பம்பின் பாகம் என்று கண்டதும் முகம் மாறியது. தன்னுடைய மொரிஸ் மைனர் காருக்கு ஒரு சாமான் செய்து தர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

1977இல் ஆட்சி மாறி வாசல் திறந்தது. புதுப் பம்புகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. உடைந்ததை ஒட்டவைக்கச் சாக்கோடு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். வாடிக்கையாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடையில் புதுச் சாமான் கிடக்க யார் கிழமைக்கணக்கில் காத்திருப்பார்கள்? ஆனால் இறக்குமதித் தடைக்காலத்தை வெறும் பஞ்சக் கதையாக மட்டும் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்த ஏழு வருடத்தில் இந்தத் தீவின் பின்வளவுகளில் எத்தனை பேர் எதையெல்லாம் செய்யப் பழகினார்கள் என்பதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

1983 ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தது. பாஸ் வருடக்கணக்காகச் செய்து கொடுத்த மர மாதிரிகள் எல்லாம் மேல் பரணில் இருந்தன. கொட்டகையில் மண்ணும் இரும்பும்தான், அவை அப்படியே கிடந்தன. நாங்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்தபோது பாஸ் தேடிக்கொண்டு வந்தார். ஒரு பார்சல் பாணும், பழைய கடதாசியில் சுற்றிய ஒரு அடிமட்டமும் கொண்டுவந்தார். அது பெரியப்பாவின் சுருக்க அளவுகோல். உலோகம் ஆறும்போது சுருங்கும், இரும்பு அடிக்கு எட்டில் ஒரு அங்குலம், பித்தளை பதினாறில் மூன்று. அந்த அளவைச் சேர்த்து நீட்டிக் கோடு போட்ட அடிமட்டம். எப்போதோ இரவல் வாங்கியதாம். கொடுக்க வேறு சந்தர்ப்பம் வருமோ தெரியாது என்றார். பெரியப்பா அதைக் கனடாவுக்குக் கொண்டு போனார். தண்டவாளத் துண்டுகளைக் கொண்டு போக முடியாது, அதனால் அவை வெள்ளவத்தையில் கதவு காக்கின்றன.

பெரியப்பாவின் பேரன் ஸ்காபரோவில் கணினி வேலை பார்க்கிறான். போன மாரியில் வீடியோ அழைப்பில் வந்து, “சித்தப்பா, கராஜுக்குள்ள ஃபவுண்ட்ரி போட்டிருக்கிறன்” என்றான். பழைய மரம் அரியும் வாள் மெசினுக்கு அலுமினியச் சில்லு வார்க்கப் போகிறானாம். பெட்டி பெரிது, நாரி பிடித்துவிட்டது, தனி ஆள். காரின் என்ஜின் தூக்கும் கிரேன் ஒன்று வாங்கியிருந்தான். எட்டு மூலைப் பெட்டியைச் சொன்னேன், கம்பிக் கொளுக்கியைச் சொன்னேன், முதல் அங்குலத்தைச் சொன்னேன். மட்டம் பார்க்கத் தொலைபேசியில் செயலி இருக்கிறது என்றான். கோப்பைத் தண்ணீரைப் பற்றிச் சொன்னதும் சிரித்தான், ஆனால் அடுத்த கிழமை அனுப்பிய படத்தில் பெட்டியின் மேல் ஒரு சூப் கோப்பை இருந்தது. ஊற்றுவதற்கு முன் அதை எடுத்துவிட்டாயா என்றுதான் முதலில் கேட்டேன்.

அந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்று, கராஜின் சீமெந்துத் தரை. பெரியப்பாவின் கொட்டகையில் வெறும் நிலம். சிந்தினால் மண்ணில் விழுந்து ஆறும். சீமெந்துக்குள் எப்போதும் ஈரம் இருக்கும், உருகிய உலோகம் பட்டால் அது ஆவியாகித் தரையே வெடித்துத் தெறிக்கும். வீட்டில் இந்த வேலை தொடங்கியிருக்கிற பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், உலை மூட்டுமுன் தரையில் இரண்டு அங்குலத்துக்காவது காய்ந்த மணல் பரப்புங்கள். காலுக்குச் செருப்புப் போடாதீர்கள், தோல் சப்பாத்துப் போடுங்கள். பெட்டி தூக்கும் நாளில் பக்கத்து வீட்டு ஆளையும் கூப்பிடுங்கள்.